எல்குக்குக் கால் நாலு: பெரிய ஃபிரேம் முதுகுப்பை வாங்கப் போகிறவர்களுக்கு

எல்க் மானின் பின்னந்தொடை ஒன்று, எலும்போடு சேர்த்து, 25 முதல் 30 கிலோ வரும். ஊரில் வீட்டு கேஸ் சிலிண்டர் நிறைந்திருக்கும்போது கிட்டத்தட்ட அந்த எடைதான். அதை முதுகில் கட்டிக்கொண்டு, மூவாயிரம் மீட்டர் உயரத்தில், விழுந்து கிடக்கும் மரங்களைத் தாண்டித் தாண்டி ஐந்து கிலோமீட்டர் நடந்து வண்டிக்கு வரவேண்டும். இறக்கி வைத்துவிட்டு மறுபடி போகவேண்டும். எல்குக்குக் கால் நாலு.

கொலராடோவில் குடியேறி, வார இறுதி மலைநடையில் ஆரம்பித்து, கூடாரம் தூக்கிப் போய்த் தங்கப் பழகி, இப்போது "இந்த வருஷம் எல்க் டேக் போட்டுப் பார்க்கலாமா?" (டேக் என்றால் ஒரு மிருகத்தை வேட்டையாடத் தரும் அனுமதிச் சீட்டு) என்று கேட்கும் நிலைக்கு வந்துவிட்ட நம் ஆட்கள் சிலர் இருக்கிறார்கள். எல்லோரும் கேட்பது துப்பாக்கியைப் பற்றி. பையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. துப்பாக்கி, பைனாகுலர் என்று மூவாயிரம் டாலர் இறைத்தவர், பை என்று வரும்போது ஐரோப்பா சுற்றப் போனபோது வாங்கிய பழைய பயணப் பையைப் பரணிலிருந்து இறக்குகிறார். ஆனை வாங்கியவன் அங்குசத்துக்குக் கணக்குப் பார்த்த கதைதான். நானும் அப்படித் தொடங்கியவன் என்பதால் சொல்ல உரிமை இருக்கிறது.

ஊரிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் வேட்டைக்கு இடமில்லை. நீங்கள் இமயமலை ட்ரெக்கிங்குக்குப் பை தேடுபவராக இருந்தால் கறி பற்றிய பகுதிகளைத் தாண்டிவிட்டு, முதுகை அளக்கும் பகுதியை மட்டும் படியுங்கள். அது எல்லா முதுகுக்கும் பொது.

முதலில் திரும்பி வரும் கணக்கு

எனக்கு வேட்டை பழக்கிய அண்ணன் தேனிப் பக்கம். பதினைந்து வருடமாக இங்கே காடு ஏறுகிறவர். என் முதல் பையைப் பார்த்துவிட்டு அவர் சொன்னது: "போறப்ப எந்தப் பையும் நல்ல பைதான் தம்பி. வர்றப்ப பாரு."

வளர்ந்த ஆண் எல்க் ஒன்று உயிரோடு சுமார் 320 கிலோ இருக்கும். எலும்பு நீக்கிய கறியே 80 முதல் 100 கிலோ வரை தேறும். பெண் எல்க் என்றால் அதைவிடக் குறைவு; மியூல் மான் என்றால் 25, 30 கிலோவோடு முடிந்துவிடும், ஒரே நடையில் கொண்டுவந்துவிடலாம். சுட்டதை அங்கேயே விட்டுவிட்டுக் கொம்போடு மட்டும் வரலாம் என்று நினைக்காதீர்கள். உண்ணத் தகுந்த கறியை வீணாக்குவது கொலராடோவில் குற்றம். அலாஸ்காவில் இன்னும் கறார்: கறியின் கடைசி நடைக்கு முன்னால் கொம்பு வெளியே வரக்கூடாது.

சரி, இழுவண்டி வைத்து உருட்டிக்கொண்டு வரலாமே? நாங்கள் போகும் ஃப்ளாட் டாப்ஸ் போன்ற 'வில்டர்னஸ்' பகுதிகளில், அதாவது காட்டைக் காடாகவே விட்டுவைக்கச் சட்டம் ஒதுக்கிய இடங்களில், சக்கரம் வைத்த எதற்கும் அனுமதியில்லை. 1964-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படி. மோட்டார் மட்டுமல்ல, கையால் தள்ளும் வண்டியும் கூடாது. குதிரை கூடும், வாடகைக்குப் பிடித்தால் பாதிப் பிரச்சினை தீரும், பர்ஸும் தீரும். மற்றவர்களுக்கு முதுகுதான்.

ஆகவே பை வாங்கும் முன் ஒரு தாளில் எழுதுங்கள்: எத்தனை நாள், என்ன மிருகம், வண்டி நிற்கும் இடத்திலிருந்து எவ்வளவு தூரம், கூட எத்தனை பேர். இரண்டு பேர், ஒரு எல்க், ஐந்து கிலோமீட்டர் என்றால் ஆளுக்கு இரண்டு நடை, ஒவ்வொன்றும் 25 கிலோ. இது கறிக்கு மட்டும். கூடாரம், ஸ்லீப்பிங் பேக், சாப்பாடு எல்லாம் சேர்த்து இன்னொரு 18, 20 கிலோ தனியாக இருக்கிறது. இந்தக் கணக்கு உங்களுக்கு வரவில்லை, மிருகத்தைச் சுடும் உத்தேசமே இல்லை, மூன்று இரவு மலையில் தங்கிவிட்டு வரத்தான் ஆசை என்றால், வேட்டைப் பை வாங்காதீர்கள். வெறும் பையே மூன்று கிலோ இருக்கும். அதை வீணாகச் சுமப்பானேன்? ஒன்றரைக் கிலோவில் அருமையான 60 லிட்டர் பைகள் கிடைக்கின்றன.

முதுகை அளப்பது

இதில்தான் நான் ஏமாந்தேன். என் உயரம் ஐந்தடி பத்தங்குலம். கடையிலிருந்த பையன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு "லார்ஜ்" என்றான். நானும் தலையாட்டினேன். இரண்டாவது நாளே இடுப்புப் பட்டை எலும்பைவிட்டு இறங்கிப் பின்பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. மொத்தப் பாரமும் தோளுக்கு வந்தது. வீட்டுக்கு வந்து மூன்று நாள் சட்டை உரசினாலே எரிந்தது. பிறகுதான் அளந்து பார்த்தேன். என் முதுகு நீளம் பதினேழரை அங்குலம். நான் காலால் உயரமானவன், முதுகால் அல்ல.

அளப்பதற்கு வீட்டில் ஒருவர் துணையும், தையல் டேப்பும் போதும். தலையை முன்னால் குனியுங்கள். கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் இடத்தில் ஒரு எலும்பு முட்டிக்கொண்டு நிற்கும். டேப்பின் ஒரு முனை அங்கே. இப்போது இரண்டு கையையும் இடுப்பில் வையுங்கள், பெருவிரல் முதுகுப் பக்கம் பார்க்கும்படி. கையை அழுத்தினால் இடுப்பெலும்பின் மேல்விளிம்பு தட்டுப்படும். (தட்டுப்படவில்லை என்றால் இன்னும் அழுத்துங்கள்; தொப்பைக்குள் ஒளிந்திருக்கும்.) இரண்டு பெருவிரலையும் இணைக்கும் கற்பனைக் கோடு முதுகெலும்பைத் தொடும் இடம்வரை டேப்பை இறக்குங்கள், முதுகின் வளைவோடு ஒட்டினாற்போல. அந்த அங்குலம்தான் உங்கள் சைஸ். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 15-க்கும் 22-க்கும் இடையில் வரும். இரண்டு முறை அளந்து பாருங்கள். பேண்ட் பெல்ட்டை அடையாளம் வைத்து அளக்காதீர்கள். நாம் பெல்ட் கட்டும் இடம் எலும்புக்குக் கீழே.

முதுகு நீளத்துக்கு அடுத்து இடுப்புச் சுற்று. பட்டையின் நடுப்பகுதி இடுப்பெலும்பின் மேல் உட்கார வேண்டும், வயிற்றில் அல்ல. இறுக்கிய பிறகு முன்பக்கம் இரண்டு பஞ்சுப் பட்டைகளுக்கும் நடுவே நாலு விரல் அளவு இடைவெளி இருந்தால் நல்லது. இரண்டும் முட்டிக்கொண்டால், ஐந்தாவது நாள் இடுப்பு இளைத்ததும் அதற்குமேல் இறுக்க வழியிருக்காது. ஒல்லியானவர்களுக்கு இன்னொரு தொல்லை: பிடிப்பதற்கு இடுப்பே இல்லாமல் பட்டை சரியும். அவர்கள் முதுகின் கீழ்ப்பள்ளத்தில் தடித்த மெத்தை உள்ள பையைத் தேடவேண்டும். பெண்களுக்கு இடுப்பு விரிந்திருப்பதால் பட்டையின் சாய்வை மாற்றிக்கொள்ளும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாத பட்டை மேல்விளிம்பில் மட்டும் வெட்டும்.

ஃபிரேம்

மனித உடம்பில் பாரம் தாங்கும் எலும்பு இடுப்பு. தோள் வெறும் பிடிமானம். நல்ல பையில் எடையின் முக்கால் பங்குக்குமேல் இடுப்பில் இறங்கும். இறக்குவது எது? ஃபிரேம், அதாவது பையைத் தாங்கும் சட்டம். துணிப் பை தானாக நிற்காது. பாரம் ஏறினால் துவண்டு மடங்கும், மடங்கியதும் தோளைப் பிடித்து இழுக்கும். 1952-இல் கலிபோர்னியாவின் க்ளெண்டேலில் டிக் கெல்ட்டி என்ற தச்சர் அலுமினியக் குழாயை முதுகின் வளைவுக்கு வளைத்து, அதோடு இடுப்புப் பட்டையும் வைத்துப் பை விற்கத் தொடங்கினார். இன்றைய பைகள் எல்லாம் அந்த யோசனையின் பேரப்பிள்ளைகள்.

இப்போது மூன்று வகை கிடைக்கும். குழாய்ச் சட்டம் வெளியே தெரியும் பழைய வகையை 'ஃப்ரைட்டர்' என்பார்கள். விலை மலிவு, கீழே ஒரு தட்டு நீட்டிக்கொண்டிருக்கும், கறி மூட்டையை அதன்மேல் வைத்துக் கட்டலாம். ஆனால் அடர்ந்த காட்டில் கிளையில் மாட்டும், நடக்கும்போது கிறீச்சிடும். வில்லோடு போகிறவருக்கு அந்தச் சத்தம் ஆகாது. இரண்டாவது, சாதாரண ட்ரெக்கிங் பை: ஃபிரேம் உள்ளே ஒளிந்திருக்கும், 18 அல்லது 20 கிலோ வரை தேவலோகம், அதற்குமேல் உள்ளிருக்கும் அலுமினியப் பட்டிகள் வளைந்து இடுப்புப் பட்டை மடங்கும். மூன்றாவது, இன்றைய வேட்டைக்காரர்கள் பெரும்பாலும் வாங்குவது: முதுகோடு ஒட்டிய உறுதியான ஃபிரேம், அதிலிருந்து கழற்றக்கூடிய பை. ஃபிரேமுக்கும் பைக்கும் நடுவே பாரம் வைக்க இடைவெளி. மொன்டானாவின் போஸ்மன், ஐடஹோவின் பொய்சி ஆகிய ஊர்களில் இதற்கென்றே கம்பெனிகள் இருக்கின்றன: ஸ்டோன் கிளேசியர், எக்ஸோ. எங்கள் மாநிலத்திலேயே கிராண்ட் ஜங்ஷனில் சீக் அவுட்சைட். எதை வாங்கினாலும் ஃபிரேமைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் பையைப் பாருங்கள். பை கிழிந்தால் மாற்றலாம். ஒவ்வாத ஃபிரேமை எதைக் கொண்டும் சரிக்கட்ட முடியாது.

ஃபிரேமின் உயரம் முக்கியம். இடுப்புப் பட்டை சரியாக உட்கார்ந்திருக்கும்போது ஃபிரேமின் தலை உங்கள் தோளுக்கு மேலே மூன்று நான்கு விரலாவது நிற்கவேண்டும். தோள்வாரின் மேலிருந்து அந்தத் தலைக்கு ஒரு சின்ன வார் போகும். அதற்கு லோட் லிஃப்டர் என்று பெயர். பக்கவாட்டிலிருந்து கண்ணாடியில் பாருங்கள். அந்த வார் தோளிலிருந்து சாய்வாக மேலே ஏறவேண்டும், ஏறக்குறைய 45 டிகிரி. படுத்துக் கிடந்தால் அது தூக்காது, பின்னால்தான் இழுக்கும். பல கம்பெனிகள் 24, 26 அங்குலம் என்று இரண்டு உயரத்தில் விற்கிறார்கள். முதுகு 18 அங்குலத்துக்குள் இருந்தால் 24 போதும். எல்லையில் இருப்பவர்கள், பெரும்பாரம் சுமப்பதாக இருந்தால், உயரமானதை எடுப்பதே என் பழக்கம். அலுமினியமா கார்பனா என்று ரொம்ப மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். கார்பன் லேசு, அலுமினியத்தை உங்கள் முதுகுக்கு வளைத்துக்கொள்ளலாம். அவ்வளவுதான்.

எத்தனை லிட்டர்

அமெரிக்க வேட்டைக் கடைகளில் லிட்டரைவிடக் கன அங்குலம்தான் அதிகம். ஆயிரம் கன அங்குலம் 16.4 லிட்டர். 4000 என்றால் 65 லிட்டர், 6000 என்றால் 98. மூன்று முதல் ஐந்து நாளுக்கு 5000 பக்கம் இருந்தால் எனக்குச் சரியாக இருக்கிறது. பெரிய பை என்றால் நிறைய எடுக்கலாம் என்று மனசு அலையும். இடம் இருந்தால் நிரப்பத்தான் செய்வோம். பாத்திரம், கூடாரம், ஸ்லீப்பிங் பேக் எல்லாம் வாங்கி முடித்து, ஒரு அட்டைப் பெட்டியில் அடுக்கி அளந்த பிறகு பையைக் கடைசியில் வாங்குங்கள்.

ராக்கி மவுன்டன் தேசியப் பூங்காவில் (அங்கே வேட்டை கிடையாது, தங்கல் மட்டும்) ஏப்ரல் முதல் அக்டோபர் வரை, மரங்கள் நிற்கும் உயரத்துக்குள் இரவு தங்குகிறவர்கள் சாப்பாட்டைக் கரடி திறக்க முடியாத கெட்டி டப்பாவில்தான் வைக்கவேண்டும். அது ஒரு சின்னக் குடம் மாதிரி, நசுங்காது, வளையாது. ஒல்லியான பைகளில் குறுக்கே போகாது. கடைக்குப் போகும்போது கையோடு எடுத்துப் போங்கள்.

துணி விஷயத்தில் 500 டீனியர் (நூலின் தடிமன் அளவு) கார்டுரா என்ற கெட்டி நைலான் போதும். பக்கிள், தையல், பட்டை ஃபிரேமோடு சேரும் இடம் ஆகியவற்றை இழுத்துப் பாருங்கள். பாக்கெட் எத்தனை என்பதெல்லாம் ருசி.

கடையில் அரை மணி நேரம்

வெறும் பையை மாட்டிப் பார்த்துவிட்டு "நல்லா இருக்கே" என்று வாங்கியவர்களில் நானும் ஒருவன். நல்ல கடைகளில் மணல் மூட்டைகள் வைத்திருப்பார்கள். 20 கிலோ போடச் சொல்லுங்கள். எல்லா வாரையும் தளர்த்துங்கள். பையை மாட்டி, தோளைக் கொஞ்சம் உயர்த்திக்கொண்டு முதலில் இடுப்புப் பட்டையை எலும்பின்மேல் இறுக்குங்கள். அடுத்து தோள்வார், முதுகோடு ஒட்டும்வரை மட்டும். பிறகு லோட் லிஃப்டர். கடைசியில் நெஞ்சுப் பட்டை, லேசாக. இப்போது தோள்வாருக்கு அடியில் விரலை விட்டுப் பாருங்கள். சுலபமாக நுழைந்தால் பாரம் இடுப்பில் இருக்கிறது. அப்படியே அரை மணி நேரம் கடைக்குள் சுற்றுங்கள், படி ஏறுங்கள், குனிந்து ஷூ நாடா கட்டுங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

வேட்டைப் பைகளைப் பெரும்பாலும் நேரடியாக இணையத்தில்தான் விற்கிறார்கள். அப்படியானால் திருப்பி அனுப்பும் விதியைப் படித்துவிட்டு வாங்குங்கள், வந்ததும் வீட்டுக்குள்ளேயே சோதியுங்கள். அதற்கு நம் வீட்டில் இருப்பதைவிடச் சிறந்த எடைக்கல் இல்லை: இந்தியக் கடையில் வாங்கும் சோனா மசூரி மூட்டை 20 பவுண்டு, ஒன்பது கிலோ. இரண்டு மூட்டையைப் பழைய பெட்ஷீட்டில் சுற்றி ஃபிரேமுக்கும் பைக்கும் நடுவே கட்டிப் பாருங்கள். எங்கே கட்டுகிறோம் என்பதும் சோதனையில் சேர்த்தி. அரிசி கீழே சரிந்து பின்பக்கத்தில் முட்டினால் நடை தள்ளாடும். தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே, முதுகோடு ஒட்டி நின்றால் அதே அரிசி பாதி எடையாகத் தெரியும். கறி மூட்டை கட்டும்போதும் இதே இடம்தான். குளிர்ந்து இறுகாத கறி வழுக்கிக் கீழே இறங்கப் பார்க்கும். பக்கவாட்டு வார்களைக் கீழிருந்து மேலாக இறுக்கிக்கொண்டு வாருங்கள்.

பயிற்சிக்கு மேட்டில் ஏறும்போது அரிசி வேண்டாம், தண்ணீர்க் கேன் எடுங்கள். ஒரு கேலன் ஏறக்குறைய 3.8 கிலோ. உச்சிக்குப் போய் ஊற்றிவிட்டு வெறுங்கையோடு இறங்கலாம், முழங்கால் தப்பிக்கும்.

தூக்குவதும் இறக்குவதும்

முப்பது கிலோவைத் தரையிலிருந்து ஒரு கையால் வீசி முதுகில் போடுவது சினிமாவில் நடக்கும். பையைச் சரிவில் நிமிர்த்தி வைத்து, அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, வார்களை மாட்டி, பட்டையை இறுக்கி, பக்கவாட்டில் புரண்டு முழங்காலில் நின்று, கைத்தடியை ஊன்றி எழுந்திருங்கள். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். நம் ஊர்ப் பழைய பாதைகளில் சுமைதாங்கிக் கல் நட்டிருப்பார்களே, தலைச்சுமைக்காரர் துணையில்லாமல் இறக்கி ஏற்ற வசதியாக? காட்டில் அந்த உயரத்துக்கு ஒரு பாறையோ சாய்ந்த மரமோ கண்ணில் பட்டால் களைப்பு இல்லாவிட்டாலும் நின்று பாரத்தை அதில் சாய்த்துவிட்டுப் போங்கள். அடுத்தது எப்போது வரும் என்று தெரியாது.

துப்பாக்கிப் பருவத்தில் கொலராடோவில் இடுப்புக்கு மேல் 500 சதுர அங்குலமாவது பளிச்சென்ற ஆரஞ்சு அல்லது பிங்க் நிறம் தெரியவேண்டும், தலையில் தொப்பியும் அதே நிறம். பெரிய பை மாட்டினால் முதுகிலுள்ள ஆரஞ்சு அத்தனையும் மறைந்துபோகும். அதனால் பையின் மேலேயே ஒரு ஆரஞ்சு உறை போட்டுக்கொள்ளுங்கள். கொம்பைச் சுமந்து வரும்போது அதிலும் ஆரஞ்சுத் துணி சுற்றுங்கள். புதருக்கு மேலே கொம்பு மட்டும் அசைவதைப் பார்க்கிறவர் என்ன நினைப்பார் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

காகிதங்களையும் சொல்லிவிடுகிறேன். 1949 ஜனவரி 1 அல்லது அதற்குப் பின் பிறந்தவர்கள் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு முடித்த அட்டை காட்டினால்தான் இங்கே உரிமம். எச்-1பி, எஃப்-1 போன்ற விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருக்க மத்தியச் சட்டம் பொதுவாகத் தடை போடுகிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது அதற்குள்ள விலக்குகளில் ஒன்று. வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் துப்பாக்கியைத் தொடாதீர்கள்.

காசும் கறையும்

ஃப்ரைட்டர் வகை 200 டாலர் சுற்றுவட்டாரத்தில் கிடைக்கும். கழற்றும் ஃபிரேம் வகை 500-இல் தொடங்கி 800 வரை போகிறது. வருடத்துக்கு ஒரு முறை போகிறவர் பழையதாக வாங்குவதில் வெட்கம் ஒன்றுமில்லை. நவம்பர் முடிந்ததும் ஒரே ஒரு பருவம் ஆசைப்பட்டு விட்டவர்களின் பைகள் நிறைய விற்பனைக்கு வரும். முதல் வருடம் நண்பரிடம் கடன் வாங்கியும் போகலாம், அவர் முதுகும் உங்கள் முதுகும் ஒரே அளவாக இருந்தால்.

வந்ததும் செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு. கறியைத் துணி உறையில் போட்டுக் கட்டினாலும் இரத்தம் கசியும். வெந்நீர் ஊற்றிவிடாதீர்கள், கறை வெந்து துணியில் பிடித்துக்கொள்ளும். பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து, இரத்தக்கறைக்கான என்சைம் சோப்பு போட்டு, மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்து, நிழலில் உலர்த்துங்கள். வாடை மிச்சமிருந்தால் அடுத்த கோடையில் அதே பையோடு கூடாரம் போடும்போது கரடிக்கு அழைப்பு வைத்த மாதிரி. என் பை நாலு முறை கழுவியதுதான், மூக்கை வைத்து மோந்தாலும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் அது கராஜில், ஆணியில்தான் தொங்குகிறது. வீட்டுக்காரம்மாவின் மூக்கு வேறு.